பழுப்புத் தண்ணீருக்கு ஏற்ற காப்பி

பத்மராணி நாக்கையும் மூக்கையும் வைத்துப் பிழைத்தவள். நியூஜெர்சியில், எடிசனுக்குத் தெற்கே கிடங்குகளுக்கு நடுவில் இருந்த ஒரு சுவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. வெள்ளை மேலங்கியை மாட்டிக்கொண்டு நீள மேசை முன் நிற்பாள். வரிசையாக வைத்த கிண்ணங்களில் கரண்டியை விட்டுச் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுழற்றுச் சுழற்றி, பக்கத்துச் சட்டியில் துப்பிவிட்டு அடுத்ததற்குப் போவாள். பெரும்பாலும் இன்ஸ்டன்ட் காப்பிதான். கொட்டை எந்தத் தேசத்தது, எவ்வளவு கருக வறுத்தார்கள், உலர்த்தும்போது எங்கே பிசகினார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். கொழும்பில் வேதியியல் படித்தவள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கணவர் தர்மராசாவோடு அமெரிக்கா வந்து, இங்கே மறுபடி படித்து இந்த வேலையைப் பிடித்தாள். தர்மராசா ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்குக் கணினி வேலை பார்த்தார். ஒரே மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீட்டில் இரண்டு பேர், ஒரு தொலைபேசி.

அந்தத் தொலைபேசிதான் பத்மராணியை ஆட்டிவைத்தது. தொண்ணூற்றைந்து அக்டோபர் கடைசியில் இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணத்துச் சனம் அத்தனையும் கொட்டும் மழைக்குள் ஊரைவிட்டுக் கிளம்பியது. பத்மராணியின் அக்கா இராசமலர் கொக்குவிலில் தனியாக இருந்தவள்; அவளும் அந்தக் கூட்டத்தோடு நடந்தாள். நாவற்குழிப் பாலத்தில், முழங்கால் வரை நனைந்து, கையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் ஒரு கேத்திலோடு அவளைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதற்கப்பால் பார்த்தவர் எவருமில்லை. டொரொண்டோவில், லண்டனில், கொழும்பில் என்று கேட்கக்கூடிய இடமெல்லாம் கேட்டாயிற்று. வேலை முடிந்து வந்தால் பத்மராணி தொலைபேசிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சாப்பாட்டுத் தட்டும் அங்கேதான்.

பனிக்காலம் போய் மரங்கள் துளிர்த்தபோது தர்மராசா ஒரு முடிவோடு வந்தார்.

"இப்பிடியே போனுக்கு முன்னாலை இருந்தா அவ வந்திடுவாவே? எழும்பும். ஷ்யாமளா ஆக்கள் காட்டுக்கை நடக்கப் போயினமாம். நாங்களும் போவம்."

ஷ்யாமளா அவரோடு அதே வங்கியில் வேலை பார்த்தவள். சென்னைக்காரி. கல்யாணமாகாதவள். கூடாரம், முதுகுப்பை, சின்ன அடுப்பு எல்லாம் சொந்தமாக வைத்திருந்தாள். வார நாளெல்லாம் கணினி முன் உட்கார்ந்துவிட்டுச் சனிக்கிழமை வந்தால் காட்டில் இருக்க வேண்டும் அவளுக்கு.

அவள் கூட்டிக்கொண்டு போன இடம் தென் ஜெர்சியின் பைன் காடு. நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் போனதுமே உலகம் மாறிப்போனது. தரையெல்லாம் சீனி மாதிரி வெள்ளை மணல். அதற்கு மேல் நெருப்பில் கருகி மறுபடி துளிர்த்த பைன் மரங்கள். கரிய அடிமரத்திலிருந்து நேராகப் பச்சை ஊசிகள் முளைத்திருந்தன. குரல் கொடுத்தால் எதிரொலி கிடையாது. மணலும் மரமும் சத்தத்தை விழுங்கிவிடும். முன்னால் போகிறவரின் காலடி ஒரு வளைவைத் தாண்டினால் நின்றுவிட்டது போல இருக்கும்.

ஓடைகள்தான் எல்லாவற்றிலும் விநோதம். செடார் மரச் சதுப்புகளுக்குள் ஊறி வரும் அந்தத் தண்ணீர், பால் விடாத சாயத் தேநீர் நிறம். அழுக்கில்லை, நாற்றமில்லை; ஆனால் கையை மணிக்கட்டு வரை விட்டால் விரல்கள் சிவந்து, முழங்கை வரை விட்டால் கை காணாமல் போகும்.

"இந்த மண்ணிலை இரும்பு இருக்கு" என்றாள் பத்மராணி, விரலை நக்கிப் பார்த்துவிட்டு.

"கரெக்ட், ராணிக்கா. எரநூறு வருஷம் முன்னாடி இங்க இரும்பு காய்ச்சி இருக்காங்க. ஊரே இருந்திருக்கு. வாங்க, காட்றேன்" என்றாள் ஷ்யாமளா.

ஊர் என்று அவள் காட்டியது சில பள்ளங்கள். வீடுகளின் நிலவறைகள் இருந்த இடம். செங்கல் புகைபோக்கி ஒன்று மட்டும் தனியாக நின்றது. ஒவ்வொரு பள்ளத்துக்கு நடுவிலும் ஒரு பைன் மரம், உள்ளே குடியிருக்கிறவர் எழுந்து நிற்பது போல வளர்ந்திருந்தது. பத்மராணி அந்த இடத்தில் அதிகம் நிற்கவில்லை. கைவிட்ட வீடுகளைப் பற்றி அவள் அந்த வருடம் தேவைக்கு மேல் யோசித்துவிட்டாள்.

அன்று சாயந்தரம் ஷ்யாமளா ஓடைத் தண்ணீரை வடிகட்டிக் கொதிக்கவைத்து, ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காப்பி கலந்தாள். கோப்பைக்குள் பார்த்தால் காப்பி இல்லை, மை. பேனாவில் விட்டு எழுதலாம், அப்படி ஒரு கருநீலம். தர்மராசா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஆணியை ஊறப்போட்டுக் குடிச்ச மாதிரிக் கிடக்கு."

"எப்பவும் இப்படித்தான் ஆகுது. தண்ணி மேலயா தப்பு, காபி மேலயா தப்புன்னு தெரியல" என்றாள் ஷ்யாமளா.

பத்மராணி உறிஞ்சி, சுழற்றி, பழக்கதோஷத்தில் துப்பினாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு யோசனை ஓடியதைத் தர்மராசா பார்த்தார்.

"ரெண்டும்தான். இந்த இரும்பு கோப்பியிலை இருக்கிற துவர்ப்போடை சேர்ந்து கறுக்குது. அரைவறுவல் கொட்டை எண்டால் துவர்ப்புக் கூட. நல்லாக் கருக வறுத்ததிலை குறைவு. பொறுங்கோ, நான் பாக்கிறன்."

புறப்படும்போது இரண்டு பெரிய போத்தல்களில் ஓடைத் தண்ணீரை நிரப்பிக்கொண்டாள்.

அந்தக் கோடை முழுவதும் சுவைக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் அவளுடைய சொந்தச் சோதனை நடந்தது. கடைகளில் கிடைத்த இன்ஸ்டன்ட் காப்பி எல்லாம் வாங்கிவந்தாள். ஐசலின் பக்கத்து இந்தியக் கடைகளில் சிக்கரி கலந்தவையும் வாங்கினாள். மாவு போல மெல்லிய தூளாக இருப்பவை சூடான காற்றில் உலர்த்தியவை. மணம் பாதி அங்கேயே போய்விடும், காட்டு ஈரம் பட்டால் கட்டிதட்டும். மணிமணியாக உடைந்திருப்பவை உறையவைத்து உலர்த்தியவை. விலை கூட, ஆனால் மணம் நிற்கும், ஈரத்தையும் கொஞ்சம் தாங்கும். காட்டில் காற்றுக்கு நடுவே சின்ன அடுப்பில் தண்ணீர் முழுதாகக் கொதிக்காது. ஆகவே வெதுவெதுப்பான தண்ணீரில் கரைகிறதா என்று பார்த்தாள். தகரக் கோப்பையில் காப்பி விரைவில் ஆறும். ஆகவே ஆறவிட்டுக் குடித்துப் பார்த்தாள். சூட்டில் ஒளிந்திருந்த குற்றமெல்லாம் ஆறினால் வெளியே வந்துவிடும். சிக்கரி கலந்தது நிறம் காட்டியது, ஆறியதும் கசப்பு மட்டும் மிஞ்சியது. சிக்கரிக் காப்பியில் வளர்ந்த ஷ்யாமளாவுக்கு அதில் வருத்தம்தான். பிலிம் சுருள் வரும் டப்பாவில் போட்டுக் கொண்டுபோகலாம் என்று தர்மராசா யோசனை சொன்னார். பத்மராணி ஒரு டப்பாவை மணந்து பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டாள். ஒரு கோப்பைக்கு ஒரு பொட்டலமாக, ஈயத்தாளில் இறுக ஒட்டினால்தான் சரி. பால்மா தனியாக, சீனி தனியாக.

கடைசியில் ஒன்று தேறியது. நன்கு கருக வறுத்து, உறையவைத்து உலர்த்திய மணிகள். பழுப்புத் தண்ணீரில் போட்டாலும் காப்பி நிறம்தான், காப்பி ருசிதான்.

அந்தச் சோதனைகளுக்கு நடுவே ஒரு காரியம் நடந்தது. எதையும் சோதிக்கும் முன் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து மணந்து பார்ப்பது கூடத்து வழக்கம். ஒருநாள் ஓடைத் தண்ணீர் மட்டும் கண்ணாடிக் குவளையில் கொதித்துக்கொண்டிருந்தது. காப்பிப் பொட்டலம் எதையும் பிரிக்கவில்லை. அந்த ஆவியில் வறுத்த மல்லியும் காப்பிக் கொட்டையும் சேர்ந்த மணம் வந்தது.

மல்லி போட்டு இடித்த காப்பி யாழ்ப்பாணத்து வீடுகளில் உண்டு. மழைக்கும் சளித் தடிமனுக்கும் குடிப்பார்கள். செத்தவீட்டில் கண்விழிக்கும் சனத்துக்கும் அதைத்தான் கொடுப்பார்கள். பத்மராணிக்கு அந்த மணம் என்றால் வாசலில் செருப்புகளும், உள்ளே அழுகையும்தான் நினைவுக்கு வரும். அவள் அடுப்பை அணைத்தாள். பக்கத்தில் வேலை செய்த அமெரிக்கப் பெண்ணைக் கூப்பிட்டு மணக்கச் சொன்னாள். அவளும் நல்ல மூக்குக்காரி. "மரம், கொஞ்சம் மண். வேறொன்றுமில்லை" என்றாள். குவளையைக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தாள் பத்மராணி. இப்போது அவளுக்கும் மரமும் மண்ணும்தான்.

களைப்பு என்று முடிவுகட்டினாள். வீட்டில் சொல்லவில்லை.

அக்டோபரில் மூவரும் மறுபடி பைன் காட்டுக்குப் போனார்கள். க்ரான்பெரி அறுவடைக் காலம். வழியில் வயல்களுக்குத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். அடிவானம் வரை சிவப்புப் பழங்கள் மிதந்தன. தண்ணீர் எங்கே, கரை எங்கே என்று தெரியாத சிவப்பு. ஷ்யாமளா காரை நிறுத்திப் படமெடுத்தாள். பத்மராணி இறங்கவில்லை. அக்கா காணாமற்போய் ஒரு வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது.

முதல் நாள் நல்லபடியாகப் போயிற்று. மறுநாள் விடிந்தபோது காடு முழுக்கப் பனிமூட்டம். பக்கத்துக் கூடாரம் கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. பத்மராணி தண்ணீர் கொதிக்கவைத்துத் தன் பொட்டலங்களைப் பிரித்தாள்.

ஷ்யாமளா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ராணிக்கா, சான்ஸே இல்ல. இனிமே நீங்க இல்லாம நான் ட்ரிப் போறதா இல்ல" என்றாள்.

மிச்சச் சுடுதண்ணீரைப் பத்மராணி பிளாஸ்கில் ஊற்றினாள். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு மூவரும் நடந்தார்கள். பாதை ஒரு செடார் சதுப்பின் ஓரமாகப் போனது. அங்கே பைன் காட்டு வெளிச்சமும் இல்லை. நேராக, நெருக்கமாக, கம்பிவேலி போல மரங்கள். அடியில் கறுத்த தண்ணீர். அதன்மேல் பாசி மெத்தை. பனி அந்த மரங்களுக்கு நடுவிலிருந்துதான் வெளியே வந்துகொண்டிருந்தது.

பத்மராணி நின்றாள்.

"இஞ்சருங்கோ. உங்களுக்கு ஏதும் மணக்குதே?"

"என்ன மணம்?"

"கோப்பி."

"நாங்கள்தானே இப்ப குடிச்சனாங்கள்."

"எங்கடை கோப்பி இல்லை. மல்லி போட்டது. செத்தவீட்டுக் கோப்பி."

தர்மராசா மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் காற்றை இழுத்துப் பார்த்தார். ஷ்யாமளாவும் இழுத்தாள். இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"பக்கத்துல யாராவது கேம்ப் போட்டிருப்பாங்க, அக்கா."

"மல்லிக் கோப்பியோடையே?"

இந்த முறை அது களைப்பில்லை என்று பத்மராணிக்குத் தெரிந்தது. மணத்துக்கு ஒரு திசை இருந்தது. முகத்தை இடதுபுறம் திருப்பினால் கூடியது, வலதுபுறம் திருப்பினால் குறைந்தது. கற்பனை அப்படி வராது. அவள் பாதையை விட்டுச் சதுப்பின் கரையோடு இறங்கினாள். தர்மராசா "ராணி, நில்லும்! தனியப் போகாதையும்!" என்று கத்தியது பஞ்சுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது.

கரையில் காலை எடுத்துவைக்க ஓர் ஒற்றையடி மேடு இருந்தது. காலையில் ஒருவர் அடுப்பு மூட்டியிருந்தால் புகை வாடை வர வேண்டும், வரவில்லை. பறவைச் சத்தம் இல்லை. மணம் மட்டும் அவளுக்கு முன்னால் ஓர் ஆள் தூரத்தில் போய்க்கொண்டே இருந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. ஒரு சாய்ந்த மரத்தைக் கடந்ததும் சட்டென்று அற்றுப்போனது, கதவைச் சாத்தியது போல.

அந்த இடத்தில் ஒரு கிழவர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

கால் ஒன்று கோணலாக மடங்கியிருந்தது. உதடு நீலம். தொப்பியிலும் தோளிலும் பனித்துளிகள். செத்துவிட்டார் என்றுதான் பத்மராணி நினைத்தாள். அவர் கண்ணைத் திறந்தார்.

"இன்றைக்குத் தாமதமாக்கிவிட்டாய்" என்றார் ஆங்கிலத்தில்.

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய நெற்றி சுருங்கியது.

"நீ அவள் இல்லை. அதே முகம்தான். ஆனால் உன் கால் காய்ந்திருக்கிறது."

அவள் குனிந்து தன் சப்பாத்துகளைப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தன.

அடுத்த சில நிமிடங்கள் கை செய்ததை மனம் பின்தொடரவில்லை. தர்மராசாவையும் ஷ்யாமளாவையும் கூவி அழைத்தாள். அவர்கள் வரும்வரை தன் மேற்சட்டையைக் கழற்றிக் கிழவர்மேல் போர்த்தினாள். அவர் பக்கத்தில் பாசிமேல் ஒரு தகரக் கோப்பை கிடந்தது. அவளுடைய கோப்பை பைக்குள் எங்கோ அடியில். தகரக் கோப்பையை எடுத்தாள். அடியில் மண் போலக் கொரகொரப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பிளாஸ்கிலிருந்து கொஞ்சம் விட்டு அலசிப் பாசியில் ஊற்றினாள். பிறகு நாலைந்து சீனிப் பொட்டலங்களைக் கொட்டி, ஒரு காப்பிப் பொட்டலத்தில் பாதியைப் போட்டாள். பிளாஸ்க் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் தேர்ந்தெடுத்த காப்பி ஒரு சுற்றிலேயே கரைந்தது. கிழவரின் தலையைத் தாங்கி, வாய் வாயாகக் குடிக்கவைத்தாள்.

தர்மராசா வந்து பார்த்ததும் தன் முதுகுப்பையை இறக்கிவிட்டு, ஆள் இருக்கும் இடம் தேடி மணல் சாலைப் பக்கம் ஓடினார். ஷ்யாமளா தூக்கப்பையை விரித்துக் கிழவரைச் சுற்றினாள்.

"சார், உங்க பேர் என்ன?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எல்வுட்." அவருக்குப் பேச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. பூக்கடைகளுக்கு விற்கப் பாசி அள்ள வந்தாராம். வழுக்கி விழுந்தாராம். இடுப்பு அசையவில்லையாம். எத்தனை நாளாயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை.

கோப்பையைக் காலி செய்துவிட்டு அவர் பத்மராணியிடம் சொன்னார்: "இது நல்ல காப்பி. ஆனால் அவளுடையதில் விதை இருக்கும். பல்லுக்குள் மாட்டும்."

பத்மராணி கோப்பையைப் பிடுங்காத குறையாக வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். தன் காப்பியின் கருகல் மணம் மட்டுமே இருந்தது. அலசி ஊற்றிய இடத்தைப் பார்த்தாள். பாசி எல்லாவற்றையும் குடித்துவிட்டு ஈரமாக மினுங்கியது. மண்டியிட்டு விரலால் கிளறினாள். பாசி, அதன் கீழ் பாசி, அதன் கீழ் கறுத்த தண்ணீர்.

"அக்கா, என்ன தேடுறீங்க?"

"ஒண்டுமில்லை" என்றாள். நாளெல்லாம் கிண்ணங்களை மணந்தே வயிறு வளர்க்கிறவள், அந்த ஒரு கோப்பையை மணக்காமல் கழுவிவிட்டாள்.

க்ரான்பெரி வயலில் வேலை செய்தவர்கள் லாரியோடு வந்தார்கள். பின்னால் மீட்புப் படையும் வந்தது. வார ஆரம்பத்திலிருந்து எல்வுட்டைத் தேடிக்கொண்டிருந்தார்களாம், ஆனால் காட்டின் மறுகோடியில். தூக்குப் படுக்கையில் வைக்கும்போது ஒரு வனக்காவலர் தர்மராசாவிடம், "இந்தக் குளிரில், இந்த வயதில், ஒன்றும் சாப்பிடாமல் இத்தனை நாள் தாங்குவது நடக்காத காரியம். வயிற்றுக்குள் ஏதோ சூடாகப் போயிருக்க வேண்டும்" என்றார். மனைவிதான் காப்பி கொடுத்தாள் என்றார் தர்மராசா. "இன்று கொடுத்தது சரி. நான் மற்ற நாட்களைச் சொல்கிறேன்" என்றார் காவலர்.

காரில் திரும்பும்போது பத்மராணி எல்லாவற்றையும் சொன்னாள். சுவைக்கூடத்தில் வந்த மணம், ஓர் ஆள் தூரத்தில் முன்னே போன மணம், காய்ந்த கால், விதை. ஷ்யாமளா முன்கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு, "குளிர்ல உடம்பு சூடு இறங்கிட்டா, ஹைப்போதெர்மியால எல்லாரும் ஏதாவது பாப்பாங்க, அக்கா. மூளை அப்படி விளையாடும்" என்றாள்.

"அவரின்ரை மூளை சரி. என்ரை மூக்கு?"



எல்வுட் பிழைத்துக்கொண்டார். நவம்பரில் அவருடைய மகள் தொலைபேசியில் கூப்பிட்டு நன்றி சொன்னாள். அப்பா இன்னொரு பெண்ணைப் பற்றியே பேசுகிறார், ஒருமுறை வந்து பார்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பத்மராணி ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்மராசாவோடு போனாள்.

போகும் முன் காலையில் மல்லியும் காப்பிக் கொட்டையும் வறுத்து, இடித்து, கொதிக்கவைத்துப் பிளாஸ்கில் ஊற்றினாள். அந்தக் காப்பிக்கு வேர்க்கொம்பும் போட வேண்டும்; காய்ந்த இஞ்சி. வேண்டுமென்றே அதை விட்டாள். சுவைக்கூடத்தில் அப்படித்தான் செய்வார்கள். ஒன்றை எடுத்துவிட்டுக் கொடுத்து, குடிக்கிறவருக்குத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

எல்வுட் சன்னலோரக் கட்டிலில் இருந்தார். சன்னலுக்கு வெளியே பைன் மரங்கள். அவர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். விதைத் துகளை நாக்கால் தேடி எடுத்து, "இதேதான்" என்றார். அவர் இரண்டாவது வாய் குடித்துவிட்டுத் தலையசைத்தார்.

"இல்லை. ஒன்று குறைகிறது. இது தொண்டையில் சுடவில்லை. அவளுடையது இறங்கின பிறகும் நெஞ்சுக்குள் எரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் எனக்குக் குளிரவில்லை."

தர்மராசா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேர்க்கொம்பை அவள் டப்பாவிலேயே மூடி வைத்ததை அவரும் பார்த்திருந்தார்.

"அவ என்ன சொன்னா?" என்று பத்மராணி தன்னையறியாமல் தமிழில் கேட்டுவிட்டு, மறுபடி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஒன்றும் சொல்லவில்லை. வெளிச்சம் வந்ததும் வருவாள். ஒரு சின்னக் கேத்தில். நான் குடிக்கும்வரை குந்தியிருந்து என் முகத்தையே பார்ப்பாள். முழங்கால்வரை அவள் உடுப்பு சொட்டும். குளிரவில்லையா என்று கேட்டேன், சிரித்தாள். கோப்பை காலியானதும் எழும்பிப் போய்விடுவாள். தண்ணீர்ப் பக்கமாகத்தான் போவாள். சத்தமே கேட்காது."

பத்மராணி கைப்பையைத் திறந்தாள். உள்ளே அக்காவின் படம் இருந்தது. கொஞ்ச நேரம் கையை அதன்மேல் வைத்திருந்துவிட்டு, எடுக்காமலே பையை மூடினாள். காரில் ஏறிய பிறகு தர்மராசா கேட்டார், "ஏன் படத்தைக் காட்டேல்லை?"

"ஓம் எண்டு சொல்லியிருந்தால்?"

அவர் சாவியைத் திருகாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

அதற்குப் பிறகு அவள் தொலைபேசிக்கு எதிரே உட்காரவில்லை. நாற்காலி தானாகச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பிவிட்டது. தொண்ணூற்றெட்டில், எல்வுட் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டதாக மகளிடமிருந்து செய்தி வந்தது. அதே கோடையில் டொரொண்டோவிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி கூப்பிட்டான். கொக்குவிலிலிருந்து புதிதாக வந்த ஒருவர் சொன்னாராம். இடம்பெயர்ந்த முதல் கிழமையிலேயே, பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில், காய்ச்சலில் இராசமலர் இறந்துவிட்டாள். அங்கிருந்த சனமே சேர்ந்து எரித்தார்கள்.

"தனியக் கிடந்தவவோ?" என்று மட்டும் பத்மராணி கேட்டாள்.

"இல்லை அக்கா, சனம் நிறைய இருந்ததாம்."

"அது போதும், காணும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். கண்ணீர் வந்தது, ஆனால் திடுக்கிடவில்லை. அறைக்குள் வந்த தர்மராசாவிடம் அவள் செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். எங்கே விடுவது என்று பேச்சு வந்தபோது, ஐசலினில் பழக்கமான ஐயர், தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பூங்காவும் ஏரியும் இருப்பதாகச் சொன்னார். பத்மராணி வேண்டாம் என்றாள். ஒரு சனிக்கிழமை காலை ஷ்யாமளா காரோட்ட, மூவரும் பைன் காட்டுக்குப் போனார்கள். ஐயரிடம் கேட்டு எழுதிக்கொண்டதைப் பார்த்துப் பார்த்துத் தர்மராசா மந்திரத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். ஓடைக்கரை மணல் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. செடார் மரங்களுக்குள் மட்டும் இன்னும் விடியவில்லை.

கணவரின் கையிலிருந்து எள் தண்ணீருக்குள் விழுவதைப் பத்மராணி குனிந்து பார்த்தாள். ஒரு கணம் மேலே மிதந்தது. பிறகு அந்தப் பழுப்புக்குள் எது எள், எது தண்ணீர் என்று தெரியவில்லை. அவள் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு, முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி நின்றாள். கால் இரண்டும் கண்ணுக்குத் தெரியாமல் போயின. தண்ணீர் நினைத்ததைவிடச் சூடாக இருந்தது.

"ராணி, காணும். ஏறும்" என்றார் தர்மராசா கரையிலிருந்து, கையை நீட்டியபடி.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள் அவள்.